புகையைச் சுத்தமாகக் காட்டிவிடும் தவறுகள்: மலைநாட்டில் புகைபோக்கி அளக்கப் பழகுபவர்களுக்கு

புகைபோக்கியில் ஏறி நச்சு வாயுக்களையும் துகள்களையும் அளக்கப் பழக வரும் தம்பி, தங்கச்சிமாரிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். இந்த வேலையில் நாம் விடும் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து செறிவு குறையும். உட்சுவரில் ஒட்டியதைக் கழுவாமல் விட்டால் நிறை குறையும். அமுக்கத்தைப் பிழையாகப் போட்டாலும் குறைவாகத்தான் வரும். அறிக்கையில் புகை நல்ல பிள்ளையாகிவிடும். தொழிற்சாலைக்குப் பக்கத்து லயத்தில் இருக்கும் சனம் அதே புகையைத்தான் மூச்சில் இழுக்கும்.

அமுக்கம் மலைநாட்டுக்கென்றே உள்ள பிழை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடல் மட்டத்தில் வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அது ஏறக்குறைய 605 தான். ஹட்டனில் 650 அளவில் இருக்கும். ஆனால் வானிலைச் செய்தியிலும் கைப்பேசியிலும் வரும் அமுக்கம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மாற்றிய பெறுமதி. அதைப் பார்த்து அப்படியே படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். இன்னும் மோசம், கணிப்புத் தாளில் 760 ஏற்கெனவே பதிந்திருப்பது. கனவளவை ஒரே நிலைக்கு மாற்றக் கணக்கில் வகுக்கும் நியம அமுக்கமும் 760 என்பதால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். விடை ஒழுங்காகத்தான் தெரியும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் இழுத்த வாயுவின் கனவளவு கால் பங்கு கூடுதலாகக் கணக்கில் ஏறியிருக்கும். உண்மையில் ஒரு கன மீற்றரில் 100 மில்லிகிராம் துகள் இருந்த இடத்தில் 80 என்று வரும். எல்லை மீறிய தொழிற்சாலை எல்லைக்குள் வந்துவிட இது போதும். அமுக்கம் அளக்கும் பாரமானியை மேலே கொண்டுபோய் அந்த இடத்திலேயே வாசியுங்கள். அது இல்லாவிட்டால் கடல் மட்டப் பெறுமதியிலிருந்து ஒவ்வொரு 30 மீற்றர் ஏற்றத்துக்கும் 2.5 மில்லிமீற்றர் கழியுங்கள். நேற்று கம்பளையில் நிரப்பிய படிவத்தை இன்று நானுஓயாவில் திருத்தாமல் பாவிக்கவே கூடாது.

அடுத்தது, புகையை இழுக்கும் குழாயான புரோப்பை நுழைக்கத் துளை போடும் இடம். தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கி பல இடங்களில் குட்டையானது. ஏணி எட்டும் இடத்தில், வளைவுக்கு மேலேயே துளை இருக்கும். அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் முறை 1 சொல்வது இதுதான்: வளைவைக் கடந்து விட்டத்தைப் போல 8 மடங்கு தூரம், மேல்வாயிலுக்கு முன் 2 மடங்கு தூரம். விட்டம் 60 சென்ரிமீற்றர் என்றால் கீழே 4.8 மீற்றரும் மேலே 1.2 மீற்றரும் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் அளக்கும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். 2 மடங்கும் அரை மடங்கும்கூட இல்லாத இடத்தை விட்டுவிட வேண்டும். துகள் பிரிக்கும் சூறாவளிக் கலம் பூட்டிய இடங்களில் புகை சுழன்றுகொண்டே ஏறும். புகையின் வேகத்தை அளக்கும் பிற்றோ குழாயைத் திருப்பிப் பார்த்து, சராசரிக் கோணம் 20 பாகையைத் தாண்டினால் அங்கே அளப்பதில் பயனில்லை.

மழைக்காலத்தில் ஈர விறகு எரியும்போது புகையில் நீராவி நிறைய இருக்கும். துகளைப் பிடிக்கும் வடிதாளும் புரோப்பும் 120 பாகை செல்சியசை ஒட்டி நிற்க வேண்டும், 14 பாகை கூடலாம், குறையலாம். நானுஓயாக் காற்றில் தட்டு மேல் நின்றால் அது பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். வடிதாள் நனையும், ஐதரசன் குளோரைட்டு நீர்த்துளியில் கரைந்து சுவரிலேயே தங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலையை எழுதுங்கள். ஈரப்பதனை ஊகித்துப் போட வேண்டாம், அது பிழைத்தால் இழுக்கும் வேகமும் பிழைக்கும். உறிஞ்சும் வேகம் புகையின் வேகத்தில் 90 முதல் 110 வீதத்துக்குள் நிற்காவிட்டால் துகள் கணக்கை நம்ப முடியாது.

புரோப்பின் உட்சுவரைக் கழுவுவதில்தான் பொறுமை பறிபோகிறது. முதல் தடவை அசற்றோன் ஊற்றித் தூரிகையால் இழுத்தால் பிளேன்டீ நிறத்தில் வடியும். இரண்டாம் தடவை வெளிறிவிடும், அதோடு முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகும் வரை தூரிகை போட வேண்டும். பார உலோகம் தேடினால் கண்ணாடி நுனியும் உலோகம் இல்லாத தூரிகையும் கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருந்து குரோமியமும் நிக்கலும் வந்து சேரும். கூட்டிக் காட்டும் பிழைகளில் இது ஒன்று. இரசம் பிடிக்கும் பரமங்கனேற்றுப் போத்தலில் கபிலக் கறை மிஞ்சினால் அதை ஐதரோகுளோரிக்கமிலத்தால் கழுவி எடுக்க வேண்டும், இரசம் அந்தக் கறையிலும் இருக்கும்.

அடுப்படியையும் பாருங்கள். சோதனை நாளில் மட்டும் காய்ந்த விறகு அடுக்கியிருந்தால் அது அந்தத் தொழிற்சாலையின் வழமையான புகை இல்லை. என்ன எரிகிறது, எத்தனை தடவை போட்டார்கள், பெயின்ற் அடித்த பலகையோ பொலித்தீனோ சேர்ந்ததா என்று நேரத்தோடு எழுதுங்கள். 2019 இல் இலங்கையில் நிலையான மூலங்களின் (புகைபோக்கி போன்றவற்றின்) வெளியேற்றத்துக்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்த பிறகு இந்த அறிக்கைகளின் பாரம் கூடியிருக்கிறது.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி வரும் மலை இது. கறுக்கத் தொடங்கினால் இரும்புப் புகைபோக்கியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கசிவுச் சோதனையைக் கடைசியாகச் சொல்கிறேன், விட்டுவிடுவதும் கடைசியில் செய்வதைத்தான். தொடங்க முன் 380 மில்லிமீற்றர் இரச வெற்றிடத்தில் பார்ப்பார்கள், நிமிடத்துக்கு 0.57 லீற்றருக்கு மேல் கசியக் கூடாது. முடிந்த பிறகும் பார்க்க வேண்டும். ஒரு முறை பொகவந்தலாவைப் பக்கம், மூன்றாம் ஓட்டம், அதாவது மூன்றாவது தடவை அளப்பது, முடியும்போது மிஸ்ட் இறங்கி இருட்டிவிட்டது. எல்லோருக்கும் பசி. பழக வந்த தங்கச்சி ஒருத்தி மட்டும் பம்பை நிறுத்தவிடாமல், "பொறுங்க சேர், இன்னும் பாக்கல" என்றாள். கசிந்தது. ஒரு மூட்டில் இறப்பர் வளையம் பிளந்திருந்தது. அந்த ஓட்டத்தின் தாளில் குறுக்கே கோடு போட்டு, செல்லாது என்று எழுதி, நேரத்தையும் குறித்தாள். மறுநாள் காலை வளையத்தை மாற்றிக்கொண்டு திரும்ப ஏறினோம்.