ஈறில் ரத்தம் வந்தால் என்ன செய்வது? படிப்படியாக

ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. ரத்தக் கசிவுதான் முதல் அறிகுறி. ஈறு ஓரத்தில் படியும் பாக்டீரியா படலத்தால் ஈறு வீங்கிச் சிவக்கும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் முழுதாகக் குணமாகும். விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது.

1. ஆழம் பாருங்கள்
பல் மருத்துவர் ஒரு மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து ரத்தமும் கசிந்தால் சிகிச்சை வேண்டும். அந்த எண்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அவைதான் உதவும்.

2. காரையை எடுங்கள்
படலம் இறுகிக் காரையானபின் பிரஷ் அதை அசைக்காது, மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. ஆழம் அதிகமென்றால் மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்வார்கள்.

3. பிரஷ்
மென்மையான தூரிகை போதும். கடினமானதை வாங்கவே வேண்டாம், ஈறு தேய்ந்து இறங்கிவிடும். ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, தினம் இரண்டு வேளை, 2 நிமிடம்.

4. பல் இடுக்கு
பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். பிரஷ் இடுக்குக்குள் போகாது, நோயோ அங்கேதான் தொடங்குகிறது. இடைவெளி நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ், அதாவது பல் இடுக்கு நூல். சற்று இடைவெளி இருந்தாலும் இடுக்கு பிரஷ்தான் (கம்பியில் முடி வைத்த குட்டி பிரஷ்) என் தேர்வு, ஃப்ளாஸைவிட நன்றாகச் சுத்தம் செய்யும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம். லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். கம்பி வளைந்தால் அளவு பெரிது, தடையின்றி வழுக்கினால் சிறிது. ஃப்ளாஸை நேராக அழுத்தி இறக்கினால் ஈறு வெட்டுப்படும். பல்லின் பக்கத்தில் வளைத்துப் பிடித்து, ஈறுக்குச் சற்றுக் கீழ்வரை மேலும் கீழுமாக இழுங்கள்.

இடுக்கைச் சுத்தம் செய்யத் தொடங்கிய சில நாள் ரத்தம் வரும். பயந்து நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு: படலம் அப்படியே தங்கி, வீக்கம் கூடும். ரத்தம் வரும் இடத்தைத்தான் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். ஓரிரு வாரத்தில் குறையும். குறையவில்லையென்றால் அடியில் காரை இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. மவுத்வாஷ்
குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ், மருத்துவர் சொன்னால், சொன்ன நாள் வரை மட்டும். நீடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். பற்பசை அதன் வேலையைக் குறைக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பிரஷ்ஷுக்கு இது மாற்று இல்லை.

பின்னர் சேர்த்தது

ஸ்கேலிங் செய்தபின் இடைவெளி விழுந்துவிட்டது என்று பலர் கேட்கிறார்கள். இடைவெளி முன்பே இருந்தது, காரை அதை அடைத்திருந்தது. வீக்கம் வடிந்து வேர் வெளியே தெரிவதால் சில வாரம் கூச்சமும் இருக்கும்.

புகைப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகவே வரும். நோய் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆற நாளாகும். அம்லோடிபின் (ரத்த அழுத்தத்துக்கு), ஃபெனிடோயின் (வலிப்புக்கு) போன்ற மருந்துகளால் ஈறு தடிக்கலாம். தானாக நிறுத்தாமல், மருந்து எழுதியவரிடம் கேளுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.