எஃப்ஹெச்ஏ கடன் வீட்டை ஷார்ட் சேலில் விற்பது எப்படி

டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் லியாண்டரில் 2022 மே மாதம், விலை உச்சியில் இருந்த நேரம், 4,40,000 டாலருக்கு வீடு வாங்கினோம். முன்பணம் மூன்றரை சதவீதம்தான். வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்புதான் எஃப்ஹெச்ஏ. அந்தக் காப்பீட்டுக்கான 1.75 சதவீதத்தையும் கடனிலேயே ஏற்றியதில் ஆரம்பக் கடன் 4,32,000. 2024-இல் என் கணவருக்கு வேலை போனது. அப்போது பாக்கி 4,20,000, வீட்டின் மதிப்பு 3,60,000. இப்படிக் கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு, கடன் கொடுத்தவர் சம்மதத்தோடு விற்பதுதான் ஷார்ட் சேல்.

"சாவியைக் கொடுத்துட்டு வேற ஊருக்குக் கிளம்புங்க" என்று சொன்ன நண்பர்கள் உண்டு. கேட்காதீர்கள். மாதாமாதம் நாம் கட்டும் காப்பீட்டுப் பிரீமியம் நமக்கானது இல்லை, கடன் கொடுத்தவருக்கானது. நஷ்டத்தை அந்தக் காப்பீட்டு நிதி ஏற்பதால்தான் குறைத்து விற்கவே வழி இருக்கிறது. விதிகள் ஹட் எனும் அமெரிக்க வீட்டுவசதித் துறையுடையவை. போனில் கெஞ்சிப் பயனில்லை, காகிதம்தான் பேசும்.

தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே, தவணையை வசூலிக்கும் நிறுவனமான சர்வீஸரைக் கூப்பிடுங்கள். பொதுவாக 120 நாள் தவணைப் பாக்கி விழும்வரை ஏல நடவடிக்கையைத் தொடங்க முடியாது. தொடங்கிவிட்டால் டெக்சாஸில் மாதத்தின் முதல் செவ்வாய் ஏல நாள். வேலை போன கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அனுப்பினோம். "வரவில்லை" என்று மூன்று முறை சொன்னார்கள். நாலாவது முறை ஃபேக்ஸ் ரசீதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். ஹட் அங்கீகரித்த ஆலோசகரை நாடுங்கள். எங்களிடம் அவர் ஒரு காசு வாங்கவில்லை. எந்தக் காகிதம் குறைகிறது என்பதை அவர்தான் சொன்னார்.

எல்லாரும் கடன் பாக்கியையே பார்த்து மருகுகிறோம். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அப்ரைசல் எண்தான், அதாவது மதிப்பீட்டாளர் வீட்டுக்குப் போடும் விலைதான், எல்லாம். கமிஷன், டைட்டில் (உரிமைப் பத்திரச் சரிபார்ப்பு) செலவு எல்லாம் போக மிஞ்சும் தொகை, வீட்டை விற்பனைக்குப் போட்ட முதல் 30 நாளில் அப்ரைசலில் 88 சதவீதமாவது இருக்க வேண்டும். 31 முதல் 60-ஆம் நாள் வரை 86, அதன் பிறகு 84.

எங்களுக்கு 22-ஆம் நாள் 3,38,000-க்கு ஒருவர் வந்தார். ஆறு சதவீதக் கமிஷன் 20,280, மற்ற செலவு 7,500 போக 3,10,220. தேவைப்பட்டதோ 3,16,800. நிராகரித்துவிட்டார்கள். அன்று இரவு நாங்கள் சாப்பிடவில்லை. அதே ஆள் 34-ஆம் நாள் அதே விலையோடு திரும்பி வந்தார். அப்போது வேண்டியது 3,09,600 மட்டுமே. 620 டாலர் வித்தியாசத்தில் தப்பினோம்.

என் தம்பி "நான் வாங்கிக்கறேன், நீங்க வாடகைக்கு இருங்க அக்கா" என்றான். மனசு நல்லதுதான், விதிப்படி ஆகாது. சொந்தக்காரருக்கு விற்கவும் கூடாது, சொந்தக்காரரை ஏஜென்ட்டாக வைக்கவும் கூடாது.

விற்ற பணத்தில் அடையாத மிச்சக் கடனை நம்மிடம் கேட்க மாட்டார்கள். ஆனால் வரிக் காலத்தில் அது வருமானமாக 1099-சி படிவத்தில் வரும். நாங்கள் விற்ற வருடம் குடியிருந்த வீட்டுக் கடனுக்கு விலக்கு இருந்தது. அந்தச் சட்டத்தில் 2025 முடிய என்றுதான் கெடு போட்டிருந்தார்கள். அந்த விலக்கு இல்லாதவர்கள், சொத்தைவிடக் கடன் மிஞ்சியிருந்தால், வரியிலிருந்து விலக்குக் கேட்கும் 982 படிவம் பற்றிக் கணக்காளரிடம் கேளுங்கள். தவணைப் பாக்கி விழுந்த பிறகு விற்றால் அடுத்த எஃப்ஹெச்ஏ கடனுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

குடியிருந்தவர்களுக்கு இடம் மாற 3,000 டாலர் வரை உண்டு. எங்களிடம் யாரும் தானாகச் சொல்லவில்லை, ஆலோசகர் சொல்லித்தான் கேட்டு வாங்கினேன். வாடகை வீட்டு அட்வான்ஸ் அதில்தான் கட்டினோம்.