டிஎல்டி எடுப்பவருக்கு சுகர் வந்தால்

எச்ஐவிக்கான பழைய ஸ்டாவுடின் மாத்திரை கன்னத்தை ஒட்ட வைத்த காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையெல்லாம், ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்துக்கு டிஎல்டி என்ற கூட்டு மாத்திரைக்காகப் புதிதாக வருபவர்கள் இன்றைக்கும் அப்படியே அடிக்கிறார்கள். வேளை தவறாமல் மாத்திரை போடச் சொல்வதற்கு ஆலோசகர் இருக்கிறார். அதை விட்டுவிடுகிறேன்.

எடை ஏறியதும் பதறுவது

மாத்திரை தொடங்கிய முதல் வருடம் ஏறுவதில் பெரும்பங்கு, நோயில் கரைந்த உடம்பு திரும்புவதுதான். அதற்கு மேலும் ஏறினால் டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிருக்கும் அதில் பங்கிருக்கலாம். மையத்தில் சொல்லுங்கள்.

சுகர் டாக்டரிடம் மறைப்பது

இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், டிஎல்டி மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைத்திருப்பார். சுகர் வந்தது. "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "சத்து மாத்திரைதான் சார்" என்றார். டாக்டர் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினைக் காலை 1000, இரவு 1000 என்று ஏற்றிவிட்டார். டோலுடெக்ராவிர் எடுப்பவர் உடம்பில் மெட்ஃபார்மின் சீக்கிரம் வெளியேறாது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 79 சதவீதம் கூடும். அதனால் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமுக்குள் நிறுத்துவதுதான் வழக்கம். அக்காவுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு. பழியை ஏஆர்டி மேல் போட்டு அதை நிறுத்தினார். அடுத்த பரிசோதனையில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

பக்கவிளைவுக்குப் பயந்து நிறுத்தினால் இதயம் பிழைக்கும் என்பதும் பொய்க்கணக்கு. 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், விட்டுவிட்டுச் சிகிச்சை எடுத்தவர்களுக்குத்தான் இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் சாவும் அதிகம்.

இன்னொன்று, டோலுடெக்ராவிர் கிட்னியைக் கெடுக்காமலேயே, கிட்னி பரிசோதனையில் பார்க்கும் கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். விஷயம் தெரியாத டாக்டர் பயமுறுத்திவிடுவார். ஆனால் டிஎல்டியில் உள்ள இன்னொரு மருந்தான டெனோஃபோவிர் நிஜமாகவே கிட்னியைத் தொடக்கூடியது. எது எதனால் என்று பிரித்துப் பார்க்க, ஏஆர்டி டாக்டர், சுகர் டாக்டர் இருவருக்கும் முழு விவரம் தெரிய வேண்டும். வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். அதற்குத்தான் 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் இருக்கிறது: சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது, வைத்தியம் மறுக்கவும் கூடாது.

கால்சியம், இரும்பு மாத்திரைகள்

வெறும் வயிற்றில் டிஎல்டியோடு சேர்க்காதீர்கள். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம்.

ஒல்லியானவருக்குக் கொழுப்பு வராதாம்

வரும். ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் பரிசோதனை கேளுங்கள். ரிட்டோனாவிர் என்ற வேறு எச்ஐவி மருந்து எடுப்பவர், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினைத் தொடவே கூடாது.