பாத்தியில் போட்ட சத்து கால்வாய்க்குப் போகாமல் இருக்க

2025 பொங்கலுக்கு முந்தின வாரம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பண்டிகையன்று என் பாத்திக் கீரையைத்தான் சமைக்க வேண்டும் என்று ஆசை. தண்டுக்கீரை இன்னும் ஒரு சாண் எழும்பட்டுமே என்று 8ஆம் தேதி மாலை 100 கிராம் யூரியாவைத் தூவி, தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். 10, 11ஆம் தேதிகளில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரின் சாங்கி வானிலை நிலையத்தில் அந்த இரண்டு நாளில் 255 மில்லிமீட்டர். ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222தான்.

என் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் உயர்பாத்தி, மூன்று ஆண்டுக் குத்தகை. சாங்கியில் பெய்த அளவே அதன்மேலும் பெய்தது என்று வைத்துக்கொண்டால் 637 லிட்டர். குளியலறை வாளியில் நாற்பதுக்கு மேல் வரும். கீரையின் அடி இலைகள் வெளிறி மஞ்சளாயின. பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கிய கீரையைத்தான் கடைந்தேன்.

முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். யூரியாவுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. களிமண் துகளும் மட்கிய பொருளும் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உள்ளவை. யூரியாவில் இருக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்ணில் முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். அம்மோனியம் நேர்மின்னேற்றம் உள்ளது, அதனால் ஒட்டிக்கொள்ளும். யூரியாவுக்கு மின்னேற்றமே கிடையாது, மண்ணில் உடைவதற்குள் மழை வந்தால் நீரோடு போய்விடும். உடைந்து அம்மோனியமானாலும் நம் ஊர் வெப்பத்தில் நுண்ணுயிர்கள் ஓரிரு வாரத்தில் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம். மண் அதைப் பிடிக்காது. வேர் உறிஞ்சியது போக மிச்சம் கால்வாய்க்குத்தான்.

சமூகத் தோட்டத்துக்கு வருபவர்கள் "அக்கா, என்ன உரம் போடுறீங்க?" என்று கேட்கிறார்கள். போட்டது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அதுதான் முதல் கேள்வி. 2024 ஜனவரியில் வந்த மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பம் 0.6 முதல் 5 டிகிரி வரை உயரலாம், அடைமழை இன்னும் கடுமையாகலாம் என்கிறது. வெப்பம் கூடினால் மட்கு சீக்கிரம் கரையும், மழை கூடினால் கரைந்தது சீக்கிரம் ஓடும். அதனால் இப்போது நான் உரத்துக்குச் செலவிடுவதைவிட, சத்தைப் பிடித்துவைக்கத்தான் அதிகம் மெனக்கெடுகிறேன்.

முதல் வேலை, மண்ணை வெறுமையாக விடாதது. காய்ந்த இலையை மூன்று விரல் தடிமனுக்குப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு. மழைத்துளி நேராக மண்ணில் அறையாது, மண் இறுகாது, நீர் மெல்ல இறங்கும். பூங்காவிலும் சாலையோரத்திலும் கிடப்பதைக் கேட்காமல் அள்ள வேண்டாம். எங்கள் தோட்டத்தில் பெருக்கிக் குவிப்பதையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தின் சிறு இலை அருமையானது, ஒட்டிப் படலமாகாது. பெரிய இலை என்றால் கையால் நொறுக்குங்கள்.

புக்கிட் தீமா காட்டுப் பாதையில் நடக்கும்போது ஓரத்து மண்ணைக் கவனித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய மரங்கள், ஆனால் தரையில் மெல்லிய இலைப் படுகை, அதற்குக் கீழே உடனே மஞ்சளும் சிவப்புமான மண். கொழுத்த கறுப்பு மண் எங்கும் இல்லை. காட்டின் சத்தில் பெரும்பங்கு மரத்திலேயே இருக்கிறது. விழும் இலையைப் பூஞ்சையும் வேரும் மேலேயே மடக்கிப் பிடித்து மறுபடி மேலே ஏற்றிவிடுகின்றன. அந்த மரத்தை வெட்டிவிட்டால் மண்ணில் அதிகம் மிஞ்சாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே காம்பியரும் (தோல் பதனிடும் சாறு தரும் செடி) மிளகும் பயிரிட்டவர்கள் அதை அனுபவித்தார்கள். காட்டை அழித்து நட்டார்கள், காம்பியர் இலையைக் காய்ச்ச விறகுக்கும் காட்டையே வெட்டினார்கள், பதினைந்து இருபது ஆண்டில் மண் களைத்துப்போக அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள், கடைசியில் ஜொகூருக்கே போனார்கள். இத்தனைக்கும் காய்ச்சிய இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாகப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அது போதவில்லை.

அடுத்தது மட்கு உரம். ஒரு வாளி ஈரச் சமையலறைக் கழிவுக்கு மூன்று வாளி காய்ந்த இலை. வாழைப்பழத் தோல், காய்கறித் தோல், கீரைத்தண்டு, டீத்தூள் எல்லாம் சேரும். மீன், கோழி எலும்பு, குழம்பு மிச்சம் வேண்டாம், எலி வரும். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற கணக்கு ஒத்துவரும். ஈரக் கழிவில் தழைச்சத்து அதிகம், காய்ந்த இலையில் கரிமம் அதிகம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இலை சேருங்கள், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வந்துவிடும்.

இதிலும் ஒரு தடவை சொதப்பினேன். சோயா பால் கடையில் சக்கையைச் சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்து அப்படியே பாத்தியில் கொட்டினேன். சக்கையில் தழைச்சத்து ஏராளம். மூன்றாம் நாள் சூடு, நாற்றம், புழு. பக்கத்துப் பாத்திச் சீன அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே அங்கிள் அடுத்த மாதம் மரத்தூளை மண்ணில் கலந்துவிட்டு, அவருடைய கைலான் கீரை ஏன் வெளுத்தது என்று என்னிடம் கேட்டார். மரத்தூளில் கரிமம் தழைச்சத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். செடி பட்டினி. என் சக்கையையும் அவர் தூளையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்ல உரம் கிடைத்திருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

இந்தத் தோலையும் சக்கையையும் குப்பையில் போட்டால் என்னவென்று என் மருமகள் கேட்டாள். 2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 7 லட்சத்து 55 ஆயிரம் டன், அதில் மறுபயனீடு ஆனது 18 விழுக்காடு. மிச்சமெல்லாம் எரிஉலைக்கு. எரிந்தால் தழைச்சத்து பெரும்பாலும் வாயுவாகப் போய்விடுகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) எரியாது, சாம்பலோடு குப்பை நிரப்பும் செமாக்காவ் தீவுக்குப் போய் அங்கேயே படுத்துவிடுகிறது. நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. இந்திய வெங்காயத்தின் தோலில் இந்திய வயலின் மணிச்சத்து இருக்கிறது. பூமியின் பாறையைத் தோண்டித்தான் மணிச்சத்து உரம் செய்கிறார்கள், அந்தப் பாறை இருப்பில் பெரும்பகுதி மொரோக்கோவின் கைவசம். அங்கிருந்தெல்லாம் கிளம்பி வந்தது நம் குப்பைத் தொட்டி வழியாகக் கடலோரச் சாம்பல் மேட்டில் முடிகிறது. என் ஒரு வாளி அதை மாற்றிவிடாது, தெரியும். ஆனாலும் அந்தத் தோலைத் தூக்கிப்போடக் கை வரவில்லை.

மண்ணின் பிஎச், அதாவது புளிப்பு அளவு, பாருங்கள். ஒரு பங்கு மண், ஐந்து பங்கு காய்ச்சிவடித்த நீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் விட்டு, தெளிந்த நீரில் சோதனைத் தாளை நனையுங்கள். நம் சிவப்பு மண் புளிப்பு மண். 5க்குக் கீழே இருந்தால் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும், நீங்கள் எவ்வளவு போட்டாலும் செடிக்குக் கிடைக்காது. சதுர மீட்டருக்கு 100 கிராம் டாலமைட் சுண்ணாம்பு போட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 6 முதல் 6.5க்குள் வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து கிடைக்காமல் குருத்து வெளுக்கும். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, குருத்தில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவில் வெளுத்தால் இரும்புக் குறை. இதை மட்டும் தெரிந்துவைத்தாலே பாதி உரக் காசு மிச்சம்.

உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் மழைக்கு மாற்று. யூரியாவைக் கைவிட்டுவிட்டேன். கோழி எருக் குருணை, முழுப் பாத்திக்கும் 100 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. போடும் முன் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கிறேன். இடிமழை என்றால் இரண்டு நாள் தள்ளிப்போடுவேன். வெயில் நீண்டாலும் ஒரு விஷயம் உண்டு. 2014 பிப்ரவரியில் மழையே மறந்துபோனது, 1869இல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு வறண்ட பிப்ரவரி கிடையாது. அப்படிக் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடல் கரைகிறது, மிஞ்சியவை விழித்துக்கொண்டு அதைத் தின்கின்றன, தழைச்சத்து மளமளவென்று வெளியாகிறது. ஆகவே வறட்சி முடிந்த வாரம் உரம் போடாதீர்கள். மண்ணே போடுகிறது.

தண்ணீர் தேங்குவதும் கூடாது. காற்றில்லாத மண்ணில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றக்கூடியது. பாத்தியின் வடிகால் துளையைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்வது எனக்கு மாதாந்திரச் சடங்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது தட்டைப்பயறு. நேவல் பேஸ் கடற்படைத் தளத்தில் அப்பா வேலை பார்த்த காலத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வேலியோரம் போட்டிருப்பார். காய் பறித்ததும் கொடியைப் பிடுங்காமல் அடியோடு அரிவார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் பயற்று வேரை நறுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதுதான் புரிந்தது. வேர்முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் சோம்பல்.

தேக்கா மளிகைக் கடையில் குழம்புக்கு வாங்கும் முழுத் தட்டைப்பயறே முளைக்கும், விதைப் பொட்டலம் தேவையில்லை. கீரை முடிந்து அடுத்தது நடுவதற்கு இடையில் ஆறேழு வாரம் கிடைத்தால் ஒரு சாண் இடைவெளியில் ஊன்றிவிடுங்கள். உரத்துக்காக என்றால் பூ எடுத்ததும் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், வேர் மண்ணிலேயே இருக்கட்டும். காய்க்கவிட்டால் தழைச்சத்தில் பெரும்பகுதி பயற்றுக்குள் போய் உங்கள் தட்டுக்கு வந்துவிடும். நான் ஓரத்தில் நாலு செடியைக் காய்க்க விடுகிறேன், பொரியலுக்கு. மற்றதெல்லாம் மண்ணுக்கு.

பாத்தி இல்லாதவர்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத் தொட்டி போதும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள். தொட்டியில் சத்து இன்னும் வேகமாக ஒழுகும், ஏனென்றால் மண் கொஞ்சம், நாம் ஊற்றுவதோ தினமும். என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் டீ நிறத்தில் நிற்கும். அந்த நிறத்தோடுதான் நைட்ரேட்டும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கரைந்திருக்கின்றன. கீழே கொட்டாமல் அன்று மாலையே அதே தொட்டியில் திருப்பி ஊற்றுவேன், பிறகு தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு கரண்டித் தண்ணீரே போதும், சோதனைக்கு வருபவர்களும் முதலில் குனிந்து பார்ப்பது தட்டைத்தான். அரிசி களைந்த நீரையும் இப்படித்தான் ஊற்றுகிறேன், உப்புப் போடாத வரை. தட்டில் தண்ணீர் தெளிவாகவே வந்தால் மேலே ஒரு பிடி மட்கு. தினமும் தட்டு நிறைந்தால் நீங்கள் ஊற்றுவது அதிகம்.