சீரியல் இணைப்பில் கிளாக் கொடுப்பது யார்? டிடிஇ, டிசிஇ விளக்கம்

இரண்டு ரூட்டரையும் சீரியல் கேபிளால் இணைத்தாகிவிட்டது. ஐபி முகவரி போட்டு, இரண்டு பக்கமும் 'நோ ஷட்டவுன்' கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் பிங் போகவில்லை. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' போட்டால் ஸ்டேட்டஸ் அப், புரோட்டோகால் டவுன். நீங்கள் இந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

அங்கே குறைவது பெரும்பாலும் கிளாக், அதாவது பிட்களுக்குத் தாளம் போடும் துடிப்பு. முதலில் அது ஏன் வேண்டும் என்று பார்த்துவிடுவோம். கன்சோல் கேபிளில் 9600 வேகம் வைக்கிறோமே, அது அசின்க்ரோனஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஸ்டார்ட் பிட், பின்னால் ஸ்டாப் பிட் போகும். தொலைவில் உள்ள நெட்வொர்க்குகளை இணைக்கும் வான் (WAN) சீரியல் இணைப்பில் அவை கிடையாது. பிட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல, கேபிளுக்குள்ளேயே கிளாக்குக்கென்று தனிக் கம்பிகள் ஓடுகின்றன. கரைவலை இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார், அந்தக் குரலுக்கு மற்றவர்கள் இழுப்பார்கள் இல்லையா, அதே கதைதான். குரல் கொடுப்பது, அதாவது கிளாக் தருவது டிசிஇ (DCE). அதற்கு ஏற்ப இழுப்பது டிடிஇ (DTE). டிடிஇ தரவை அனுப்பும்போதும் டிசிஇ தரும் கிளாக்குக்கே அனுப்புகிறது, பெறும்போதும் அப்படியே.

நிஜ லீஸ்டு லைனில், அதாவது டெலிகாம் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பில், ரூட்டர் டிடிஇ. டெலிகாம் நிறுவனம் வைக்கும் மோடம் டிசிஇ (அமெரிக்காவின் டி1 இணைப்புகளில் அந்த வேலையை சிஎஸ்யு/டிஎஸ்யு என்ற கருவி செய்யும்). அதனால் அங்கே ரூட்டரில் கிளாக் ரேட் போடவே தேவையில்லை. லேபில் மோடம் இல்லை, எனவே ஒரு ரூட்டர் அந்த வேடத்தை ஏற்க வேண்டும். எந்த ரூட்டர் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, கேபிள் முடிவு செய்கிறது. என்னை மடக்கியது இதுதான்.

பழைய சிஸ்கோ 2501 ரூட்டர் இரண்டு வாங்கி வீட்டில் லேப் அமைத்திருந்தேன். அவற்றுக்கு ஆர்1, ஆர்2 என்று பெயர். நோட்டில் வரைந்த படத்தில் ஆர்1 பக்கம் டிசிஇ என்று எழுதியிருந்ததால் ஆர்1-இல் 'கிளாக் ரேட் 64000' கொடுத்தேன். இந்தக் கட்டளை டிசிஇ இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான் என்று பிழைச் செய்தி வந்தது. போர்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து சீரியல் 0-இலிருந்து சீரியல் 1-க்கு மாற்றினேன். பிறகு ரூட்டரின் இயங்குதளமான சிஸ்கோ ஐஓஎஸ் மேல் சந்தேகப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. ராத்திரிதான் இதைப் போட்டுப் பார்த்தேன்:

ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் 0

மேலே இரண்டாம் மூன்றாம் வரியிலேயே 'வி.35 டிடிஇ கேபிள்' என்று இருந்தது (வி.35 என்பது சீரியல் கேபிளின் ஒரு வகை). கேபிளை நான் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். ஆர்2-இல் போய் அதே கிளாக் ரேட் கட்டளையைக் கொடுத்தேன். சில நொடிகளில் புரோட்டோகால் அப். (2501-இல் 'சீரியல்' என்பதற்கும் 0-க்கும் நடுவே இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.)

ஆகவே வரிசை இதுதான்: கேபிளை மாட்டியவுடன், ஐபி போடுவதற்கும் முன்பே, இரண்டு ரூட்டரிலும் 'ஷோ கன்ட்ரோலர்ஸ்' பாருங்கள். எதில் டிசிஇ என்று வருகிறதோ அந்த இன்டர்ஃபேஸுக்குள் போய் கிளாக் ரேட் கொடுங்கள். மதிப்பு நொடிக்கு இத்தனை பிட் என்ற கணக்கில், எனவே 64 அல்ல, 64000. மற்றதெல்லாம் வழக்கம்போல.

கேபிள் வாங்குவதாக இருந்தால், இரண்டு துண்டாக வரும் வி.35 கேபிளையே வாங்குங்கள். 34 பின் உள்ள அந்தப் பெரிய தலையில் ஆண் முனை டிடிஇ, பெண் முனை டிசிஇ. கண்ணாலேயே தெரியும். ஒரே துண்டாக வரும் பேக்-டு-பேக் கேபிளில் சின்ன லேபிள் ஒன்றுதான் அடையாளம், அதுவும் நாளாவட்டத்தில் உரிந்துவிடும். சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பேக்கெட் டிரேசரில் பழகுபவர்கள் சீரியல் டிசிஇ கேபிளை எடுத்தால், முதலில் கிளிக் செய்யும் பக்கம் டிசிஇ ஆகும், கடிகாரக் குறியும் அங்கேதான் தெரியும். இந்தப் பாடத்துக்கு ஜிஎன்எஸ்3 (ரூட்டரைக் கணினிக்குள் ஓட்டும் மென்பொருள்) வேண்டாம். அங்கே கையில் எடுத்துப் பார்க்கக் கேபிள் முனையே இல்லை.

பின்சேர்க்கை: 'நான் கிளாக் ரேட் போடவே இல்லை, ஆனால் இணைப்பு வந்துவிட்டதே' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் இருந்தது சிஸ்கோ 1841 ரூட்டர். அந்த வகைப் புதிய ரூட்டர்களில் டிசிஇ பக்கம் 2000000 தானாகவே அமைந்துவிடும். 2500 வரிசையில் அப்படி இல்லை.

இன்னொருவர் 'பேண்ட்வித் 64' கொடுத்துவிட்டு வேகம் குறையவில்லை என்றார். பேண்ட்வித் கட்டளை கம்பியைத் தொடாது. பாதை தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி புரோட்டோகால்களின் கணக்குக்கான எண் அது, கிலோபிட்டில் கொடுப்பது. இயல்பான 1544-க்கு ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 64, பேண்ட்வித் 64 போட்டால் 1562. உண்மையான வேகத்தை வைப்பது கிளாக் ரேட். இரண்டையும் ஒத்துப்போக வையுங்கள்.

மோடம் இரண்டை நேராகச் செம்புக் கம்பியில் இணைப்பவர்களுக்கு: ஒரு மோடத்தில் கிளாக்கை இன்டர்னல் (தானே உருவாக்குவது) என்றும் எதிர்ப்பக்கத்தில் லூப் (லைனிலிருந்து எடுத்துக்கொள்வது) என்றும் வையுங்கள். இரண்டும் இன்டர்னலாக இருந்தால் இணைப்பு அப் என்றே காட்டும், ஆனால் 'ஷோ இன்டர்ஃபேஸ்' பார்த்தால் சிஆர்சி எண்ணிக்கை (தரவுப் பிழைகளின் எண்ணிக்கை) விட்டு விட்டு ஏறிக்கொண்டே இருக்கும்.