அப்பாவை எழுப்பத் தெரியுமா?

"பெத்த அப்பாவைப் பார்த்துக்க டிரெய்னிங் வேறயா?" என்று அத்தை சிரித்தார். பக்கவாதம் வந்த அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்பாவுக்குத் தோள்பட்டையில் தாங்க முடியாத வலி. அவருடைய அசைக்க முடியாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியிருந்தேன்.

பாதித்த பக்கத்தில் தசை தளர்ந்திருப்பதால் தோள் மூட்டுக்குப் பிடிமானம் குறைவு. கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால் மூட்டு நழுவிவிடலாம். பிசியோதெரபிஸ்ட் பிறகு காட்டிக்கொடுத்தது வேறு மாதிரி. முதலில் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையில் பதியவிட வேண்டும். சக்கர நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில் ஒட்டிப் போட்டு பிரேக்கைப் பூட்ட வேண்டும். நாம் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, அவர் முன்னால் சாய்ந்து எழும்போது கூடவே எழ வேண்டும்.

படித்தால் புரிந்துவிடும், செய்யும்போது கை தடுமாறும். அதனால் பில்லையும் மருந்துச் சீட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பாதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே நர்ஸ் முன்னாலோ பிசியோ முன்னாலோ நீங்களே ஒருமுறை செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். இன்னொன்று: நம் வீடுகளில் டாக்டரிடம் பேசுவது மகன், ராத்திரி புரட்டிப் படுக்கவைப்பது மருமகள். கற்றுக்கொடுப்பதோ மகனுக்கு! யார் செய்யப்போகிறாரோ அவர் அங்கே நிற்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. படுத்தவாக்கிலேயே கஞ்சி ஊட்டுவது பாசமாகத் தெரியும். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொடுத்து, ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். வெறும் தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் பல நேரம் புரையேறும். குடித்ததும் இருமினாலோ, குரலில் சளி கட்டியதுபோல் ஈரம் தெரிந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பாதித்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏர் பெட் வாங்கிப் போட்டாகிவிட்டது, இனிப் படுக்கைப் புண் வராது என்று நினைப்பதும் தவறு. அதில் படுத்தாலும் திருப்பிப் படுக்கவைத்தே ஆகவேண்டும்; பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள். வால் எலும்பிலும் குதிகாலிலும் சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவிவிடத்தான் கை போகும், ஆனால் உள்ளே நைந்த தசை இன்னும் நையும்.

நேற்றுவரை தெளிவாகப் பேசிய அம்மா இன்று திடீரென்று உளறினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவே இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறதி கூடுவது வேறு விஷயம். அதற்கு 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளையும், சென்னையில் உள்ள மனநல அமைப்பான ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பத்தாருக்கு வழிகாட்டுகின்றன.

உதவி என்றால் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். முதியோருக்கான எல்டர்லைன் எண் 14567. கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

அப்புறம், பார்த்துக்கொள்கிறவரின் நிலை. எனக்கு ஒரு கட்டத்தில் அப்பா கூப்பிட்டாலே எரிச்சல் வந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூடக் கூச்சம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். இப்போது தம்பி லீவில் வந்தால் முதல் வேலையாக அவன் கையில் பெல்ட்டைக் கொடுத்துவிடுகிறேன். போன தடவை பிரேக் பூட்ட மறந்தான். "டேய், பிரேக்!" என்று சொன்னது அப்பாதான்.