வாக்குச்சாவடியில் இயந்திரம் மக்கர் பண்ணினால்: புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தேர்தல் பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், தேர்தல் நாளில் எந்தச் சாவடியிலிருந்து போன் வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். முதல்முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போகிற ஆசிரியர்கள், எங்கள் செட் தடுமாறிய அதே இடங்களில்தான் இன்றும் தடுமாறுகிறார்கள். போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் வந்துவிட்டது, இயந்திரத்தின் தலைமுறையே மாறிவிட்டது. தவறுகள் மட்டும் பழையவை.

அழியா மை, பேனா, உறைகள், சாப்பாடு பற்றியெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. இயந்திரத்தை ஹேக் செய்ய முடியுமா என்ற விவாதத்துக்கும் இங்கே இடமில்லை. பல சாவடிகளைக் கவனிக்கும் மண்டல அலுவலராக இருந்தபோது ‘மெஷின் ரிப்பேர்’ என்று எனக்கு வந்த அழைப்புகளில் உண்மையான பழுது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கீழே இருப்பவைதான்.

கேபிளைப் போட்டு அமுக்குவது

வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட்டின் கேபிள் விவிபேட்டுக்கு, விவிபேட்டின் கேபிள் அலுவலர் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு. இவ்வளவுதான் வரிசை. பொருத்தும்போதும் கழற்றும்போதும் கன்ட்ரோல் யூனிட் ஆஃப் செய்யப்பட்டிருக்க வேண்டும். முனை ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும். போகவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். பின் வளைந்துவிட்டால் அது நிஜமான ரிப்பேர். திரையில் ‘லிங்க் எரர்’ வந்தால் பதறி மாற்று இயந்திரம் கேட்பதற்கு முன் ஆஃப் செய்து, கேபிளைக் கழற்றி, ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை மறுபடி பொருத்துங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

வேட்பாளர்கள் அதிகமென்றால் பேலட் யூனிட்களின் வரிசையையும் பார்க்க வேண்டும். 2024இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் நின்றார்கள். ஒரு யூனிட்டில் 16 பொத்தான்கள், நோட்டாவையும் சேர்த்தால் நான்கு யூனிட்கள் வேண்டும். முதல் யூனிட்தான் விவிபேட்டோடு சேரும். இரண்டாவது முதலாவதோடு, மூன்றாவது இரண்டாவதோடு.

விவிபேட்டை டியூப்லைட்டுக்குக் கீழே வைப்பது

வயதானவர்களுக்குச் சின்னம் நன்றாகத் தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். விவிபேட்டுக்குள் இருக்கும் சென்சாருக்கு நேரடி வெளிச்சம் ஆகாது. 2018 மே 28இல் உத்தரப் பிரதேசத்தின் கைரானா, மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோந்தியா இடைத்தேர்தல்களில் விவிபேட்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. அதிக வெளிச்சமும் கடும் வெயிலும்தான் காரணம் என்று சொன்னார்கள். கைரானாவில் 73 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இயந்திரத்தில் திருத்தம் செய்திருக்கிறார்கள், ஆனாலும் வாக்களிக்கும் தடுப்பை ஜன்னல் ஓரத்திலோ விளக்குக்கு நேர் கீழேயோ போடாதீர்கள். முந்தைய நாள் மாலையே மேசையை நகர்த்தி, விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

விவிபேட்டின் பின்பக்கக் குமிழ்

செங்குத்தாக இருந்தால் வேலை, கிடையாக இருந்தால் பயணம். பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

மாதிரி வாக்குகளை அழிக்காமல் வாக்குப்பதிவைத் தொடங்குவது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதப்போகிறேன். எத்தனை வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னாலும் எங்காவது ஒரு சாவடியில் நடந்துவிடுகிறது. கேள்விப்படும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

நடைமுறை எல்லோருக்கும் தெரியும். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் இருக்க வேண்டும். வராவிட்டால் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். குறைந்தது 50 வாக்குகள், நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும் ஒன்றாவது விழ வேண்டும். கரூர் மாதிரி இடத்தில் ஐம்பதோடு நிறுத்த முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் கன்ட்ரோல் யூனிட்டில் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்ற மூன்று பொத்தான்களும் வரிசையாக. ரிசல்ட்டை விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, சீட்டுகளின் முதுகில் மாதிரி வாக்குப்பதிவு முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூடி முத்திரையிட வேண்டும்.

இதில் எப்படித் தவறு நடக்கும்? க்ளோஸ் அழுத்தாமல் ரிசல்ட் வராது. ரிசல்ட் பார்க்காமல் க்ளியர் வேலை செய்யாது. க்ளோஸ் போட்ட இயந்திரம் க்ளியர் ஆகாமல் அடுத்த வாக்கை வாங்காது. ஆகவே ‘க்ளியரை மட்டும் மறந்துவிட்டேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றையுமே தொடாதவருக்குத்தான் இது நடக்கும்.

நடக்கும் விதம் இப்படித்தான். ஏஜென்ட்கள் தாமதமாக வந்து சேர்ந்திருப்பார்கள். மணி ஆறே முக்கால், வெளியே வரிசை நிற்கும், நடைப்பயிற்சி முடித்து வந்த ஒரு பெரியவர் ‘என்ன இன்னும் ஆரம்பிக்கலையா’ என்று எட்டிப் பார்ப்பார். விவிபேட் சீட்டுகளைக் கையால் எண்ணுவார்கள், கணக்கு சரியாக வரும். ‘எல்லாம் ஓகே சார், ஆரம்பிங்க’ என்பார் ஒரு ஏஜென்ட். இயந்திரத்தை ஆஃப் செய்து ஆன் செய்தால் கால்குலேட்டர் மாதிரி அழிந்துவிடும் என்று தலைமை அலுவலர் நினைத்திருப்பார். அழியாது. பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. வருடக்கணக்கில் வாக்கைக் காப்பதற்காகச் செய்த இயந்திரம் அது.

இன்னொரு பாழாய்ப்போன பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழை முந்தைய நாள் இரவே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுகிறார்கள். நிறுத்தி யோசிக்க வைக்கும் ஒரே தாள் அதுதான். அதையும் தூக்கத்தில் முடித்துவிட்டால் காலையில் யார் நினைவுபடுத்துவது?

என் மண்டலத்தில் ஒருமுறை காலை ஒன்பது மணி வாக்கில் போன். “சார், ரிஜிஸ்டரைவிட மெஷின்ல ஐம்பது கூட காட்டுது.” சரியாக ஐம்பது என்றதுமே விஷயம் புரிந்துவிட்டது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். “சீலைப் பிரிச்சு க்ளியர் பண்ணிட்டு, இதுவரைக்கும் போட்டவங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் போடச் சொல்லிடலாமா சார்? ஏஜென்ட்டுங்க ஒத்துக்கிட்டாங்க.”

“முதல்ல மெஷின்ல இருந்து கையை எடுங்க சார்” என்று கத்தினேன். ஏழு மணியிலிருந்து ஜனங்கள் போட்ட நிஜ வாக்குகள் அத்தனையும் ஒரு பொத்தானில் போயிருக்கும். ஏஜென்ட்கள் ஒத்துக்கொள்வதால் எதுவும் ஆகிவிடாது, அந்த அதிகாரம் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. மண்டல அலுவலருக்கும் ஆர்.ஓ.வுக்கும் (தேர்தல் நடத்தும் அலுவலர்) சொல்ல வேண்டும், அறிக்கையில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும், ஏஜென்ட்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவு மேலே இருந்து வரும்.

சரி, வாக்கு எண்ணிக்கையில் என்ன ஆகும்? 2025 வரை இருந்த நடைமுறைப்படி, இப்படிப்பட்ட கன்ட்ரோல் யூனிட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடிகளில் பதிவான மொத்த வாக்குகளைவிட அதிகமென்றால் அதை எண்ணவே மாட்டார்கள். குறைவாகவோ சமமாகவோ இருந்தால் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். என் மண்டலத்துச் சாவடியில் முதல் வகைதான் நடந்தது. வெயிலில் நின்று போட்ட ஒரு ஊரின் வாக்கு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. முடிவு மாறாது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஊர்க்காரர் எவரிடமாவது அதைச் சமாதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

எண்ண வேண்டி வந்தால் இன்னும் மோசம். இயந்திரத்தை அழிக்க மறந்தவர் பல நேரம் சீட்டுகளையும் விவிபேட்டிலேயே விட்டிருப்பார். முத்திரை குத்தாத மாதிரிச் சீட்டும் நிஜச் சீட்டும் ஒரே பெட்டியில் கிடந்தால் எதை வைத்துப் பிரிப்பது?

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 2019இல் கேரளத்தின் களமசேரியில் ஒரு சாவடியில் இதனால் மறுவாக்குப்பதிவு நடந்தது. அதே தேர்தலில் ஆந்திரத்தின் மைதுகூர் தொகுதி 63ஆம் சாவடியில் இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. விவிபேட் வழக்கில் 2024 ஏப்ரல் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை அந்தச் சாவடி இடம்பிடித்துவிட்டது. காரணம், மாதிரி வாக்குகள் அழிக்கப்படவில்லை. இயந்திரத்தை நம்பலாமா என்று நாடே வாதிட்ட வழக்கில், ஒரு தலைமை அலுவலர் அழுத்தாத பொத்தான்கள் சாட்சிக்கு வந்து நின்றன.

நான் வகுப்பில் சொல்வது இதுதான். கன்ட்ரோல் யூனிட்டை மூடி ஒட்டும் பச்சைத் தாள் முத்திரைக்குக் கை போவதற்கு முன் டோட்டல் பொத்தானை அழுத்தி, பூஜ்யத்தை ஏஜென்ட்களிடம் காட்டுங்கள். விவிபேட்டின் சீட்டுப் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டுங்கள். சான்றிதழில் கையெழுத்து அதற்குப் பிறகுதான். எட்டு மணிக்கு டோட்டலையும், வாக்காளர்களைக் குறித்துவைக்கும் 17ஏ பதிவேட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

எதை மாற்றுவது என்று தெரியாமல் மாற்றுவது

வாக்குப்பதிவு நடக்கும்போது விவிபேட் மட்டும் பழுதானால் விவிபேட்டை மட்டும் மாற்றுங்கள், மறுபடி மாதிரி வாக்குப்பதிவு வேண்டாம். பேலட் யூனிட்டோ கன்ட்ரோல் யூனிட்டோ போனால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்போது நோட்டா உட்பட ஆளுக்கு ஒரு வாக்கு வைத்து மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும். மேலே இவ்வளவு நேரம் புலம்பிய தவறு இங்கேயும் காத்திருக்கிறது. வெளியே வரிசை கூச்சல் போடும் நேரமாகையால் இன்னும் எளிதாக நடக்கும்.

“நான் போட்டது ஒன்று, சீட்டில் வந்தது ஒன்று”

வாக்காளர் இப்படிச் சொன்னால் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவதும் தவறு, உடனே வாக்குப்பதிவை நிறுத்துவதும் தவறு. விதி 49எம்ஏ இருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்து, எழுத்துமூலமாக உறுதிமொழி வாங்கி, ஏஜென்ட்கள் முன்னிலையில் சோதனை வாக்கு போட வைக்க வேண்டும். புகார் உண்மையென்றால் அந்த இயந்திரத்தில் பதிவை நிறுத்திவிட்டு ஆர்.ஓ.வுக்குத் தகவல். பொய்யென்றால் சோதனை வாக்கு யாருக்கு விழுந்தது என்பதை 17ஏ பதிவேடு, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவம் இரண்டிலும் குறிக்க வேண்டும். இதைக் குறிக்க மறந்தால் எண்ணிக்கை நாளில் ஒரு வாக்கு உதைக்கும்.

கடைசி ஆள் பொத்தானை அழுத்தாமல் போய்விட்டால்

பிஸி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், க்ளோஸ் வேலை செய்யாது. இதையும் ரிப்பேர் என்றுதான் சொல்வார்கள். ஆஃப் செய்து, விவிபேட்டைக் கன்ட்ரோல் யூனிட்டிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்தால் விளக்கு அணைந்துவிடும். நடுவில் ஒருவர் அப்படிப் போனால் இதெல்லாம் வேண்டாம், அடுத்தவரை உள்ளே அனுப்புங்கள்.

க்ளோஸ்

க்ளோஸ் பொத்தானை அழுத்துவது, முடியும் நேரத்தில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கிய கடைசி ஆள் வாக்குப் போட்டு முடித்த பிறகு. அதற்கு முன் விளையாட்டுக்குக்கூட அதன் மூடியைத் திறக்காதீர்கள்.

17சி

க்ளோஸ் போட்டதும் இயந்திரத்தை மூட்டை கட்ட ஓடாதீர்கள். மொத்தத்தைப் பதிவேட்டோடு பார்த்து 17சி எழுதி, ஏஜென்ட்களுக்கு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு கன்ட்ரோல் யூனிட்டை ஆஃப் செய்து, விவிபேட் பேட்டரியைக் கழற்றி, குமிழைக் கிடையாக்கிப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைப் பூட்டிய பிறகு கையெழுத்துக்கு ஆள் தேடினால் பாதிப் பேர் டீக்கடையில் இருப்பார்கள்.